முனையை எடு என்றார் டாக்டர்

“…கோடி வூட்டு சரோஜா பல்லு கட்டிகினு வந்ததுலருந்து வாய மூடறதே இல்ல டீச்சர். நேத்து எழவு வூட்டுக்கு வந்துட்டும் ஈன்னு இளிச்சிகினு குந்திகீறா. ‘இன்னாமே, செத்தவரு உனக்கு எதிரியா?’ன்னு கேட்டுட்டேன். புதுப் பல்லாம், காட்டணுமாம். இருந்த மொத்தத்தையும் புடுங்கிப் போட்டுட்டுக் கட்டிகினா. ஒரே ஒரு பல்லுக்கு நாங்க பட்ட பேஜாரு அவளுக்கு இன்னா தெரியும்?”

“எந்தப் பல்லுக்கு?” என்று கேட்டாள் ஜெயா டீச்சர். கேட்கும்போதே நோட்டையும் எடுத்துக்கொண்டாள். எதிர் வீட்டுக்காரி. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவள்தான் வாராவாரம் பத்திரிகைக்கு எழுதி அனுப்புகிறாள். என் பேச்சைப் பள்ளிக்கூடத் தமிழாக எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள், மற்றவர்கள் பேசியதை மட்டும் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன். அவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. வந்து சண்டை போட்டால் நான் பொறுப்பில்லை.

சட்டியில் கணவாய் மீன் கிடக்கிறது. குழாயில் தண்ணீர் வந்தால்தான் கழுவ முடியும். அது வருகிற வரைக்கும் அந்தோணி அண்ணனுடைய பல்லைப் பற்றிச் சொல்கிறேன்.

நாற்காலியில் ஒரு அலறல்

அந்தோணி அண்ணன் பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்திருக்கிறார். ஜன்னலில் துறைமுகத்துக் கிரேனின் தலை தெரிகிறது. அறையில் கிராம்பு எண்ணெய் வாசனை. கீழே கயிற்றுக் கடை, அங்கிருந்து தார் வாசனை. டாக்டர் கையில் கண்ணாடி சிரிஞ்சு. அதன் நுனியில், அங்கே ஆயாவாக இருந்த நான் தயார் செய்து கொடுத்த ஊசி.

“இன்னிக்கு நல்லா ஆழமா இறங்குதே!” என்று டாக்டருக்கு ஒரே சந்தோஷம். எனக்கும் பெருமை.

மெதுவாக அமுக்கினார். மருந்துத் தண்ணீர் போகவில்லை. கொஞ்சம் அழுத்தி அமுக்கினார்.

“யெம்மாடி!” என்று அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். காலடியில் இருந்த எச்சில் கிண்ணம் உருண்டு போய்க் கதவில் மோதியது. என் கண் முன்னால், எண்ணெயில் போட்ட பூரி உப்புவது போல, அவர் மேலுதடு உப்பியது. ஐஸ் வாங்கிவரக் கீழே ஓடினேன். ஐஸோடு நான் மேலே ஏறுவதற்குள் இடது கண் மூடிவிட்டது.

அந்த நாற்காலியில் எத்தனையோ பேர் கத்தியிருக்கிறார்கள். பல் பிடுங்க வந்தவர்கள் கத்தத்தான் செய்வார்கள். ஆனால் இது அந்த மாதிரி சத்தம் இல்லை. கடலில் கட்டுமரம் கவிழ்கிறபோது ஒருவன் போடுகிற சத்தம். அதை நான் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன்.

அண்ணன் யார் என்று சொல்லவில்லையே. பெரம்பூர் ரயில் பட்டறையில் பிட்டர். ஞாயிற்றுக்கிழமையானால் ராயபுரத்துக் கோயில் பேண்டு செட்டில் கிளாரினெட். திருவிழாத் தேருக்கு முன்னால் அவர்தான் நடப்பார். அந்த வாத்தியம் அவருடையது இல்லை, கோயிலுடையது. யார் முதல் ஆளாக வாசிக்கிறாரோ அவர் வீட்டில் இருக்கும். அண்ணன் வீட்டில் மாதா படத்துக்குக் கீழே பதினோரு வருஷமாக இருந்தது.

கிளாரினெட் வாசிப்பவர் வாத்தியத்தின் வாயை மேல் முன்பல்லில் வைத்துத்தான் தாங்குகிறார். உதட்டால் என்று நாம் நினைக்கிறோம், அப்படி இல்லை. அண்ணனுக்குக் கெட்டுப்போனது சரியாக அந்தப் பல். அதைப் பிடுங்கினால் வாத்தியம் ஆடும். ஆடினால் சுருதி நிற்காது. அதற்காகத்தான் டாக்டரிடம் வந்தார். இல்லாவிட்டால் எங்கள் பக்கம் யார் பல்லைக் காப்பாற்ற வந்தார்கள்?

நங்கூரமும் என் அப்பாவும்

என் அப்பா திருவொற்றியூர்க் குப்பத்துக்காரர். அவருக்குக் கடைவாய்ப் பல் வலித்தபோது வைத்தியத்தை அவரே செய்துகொண்டார். வலை நூலில் ஒரு முனையைப் பல்லில் கட்டினார். இன்னொரு முனையை நங்கூரக் கல்லில் கட்டினார். கடலுக்குள் போய், கல்லைத் தூக்கித் தண்ணீரில் போட்டார். பல்லும் போய்விட்டது, கல்லும் போய்விட்டது. பல் போனதற்கு அவர் வருத்தப்படவில்லை. கல்லைக் கயிற்றில் கட்ட மறந்துவிட்டோமே என்று சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவள் நான். கல்யாணமாகிக் கல்மண்டபத்துக்கு வந்த பிறகு அந்தப் பல் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கிடைத்தது. டிரான்சிஸ்டர் வைத்திருப்பவன் பணக்காரன் என்று பெயர் வாங்கிய காலம் அது. டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கம். பெயர் துரைசாமி. மெதுவாகப் பேசுவார், சுத்தமாகப் பேசுவார். அந்தச் சுத்தத்தால்தான் வந்தது வினை.

பல்லுக்குள்ளே நரம்பு ஓடுகிற குழாய் ஒன்று உண்டு. வேர் நுனி வரைக்கும் போகும். நரம்பு செத்து அழுகினால் சீழ் பிடிக்கும். டாக்டர் பல்லின் பின்பக்கம் ஓட்டை போட்டு, முடி மாதிரி மெல்லிய அரத்தை விட்டுச் சுரண்டுவார். அரம் சுரண்டுகிற அழுக்கு வெளியே வர வேண்டுமே? அதற்கு மருந்துத் தண்ணீர். கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீரில் வருமே, அந்த பிளீச்சிங் வாசனைதான் அதற்கும். அதை சிரிஞ்சில் எடுத்து, ஊசி வழியாகப் பல்லுக்குள் பீய்ச்சிக் கழுவுவார். சுத்தமான பிறகு அடைத்து மூடுவார். வேர் வைத்தியம் என்று அதற்குப் பெயர்.

“பல்லுக்கு இன்னாய்யா வேரு? மொளைக்கவா போவுது?” என்று முதல் நாளே கேட்டாள் அண்ணன் பெண்சாதி ஆரோக்கியம் அக்கா. அவளைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். அவளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது.

எங்கள் வீட்டு முனை

இப்போது போல ஒரு தடவை குத்திவிட்டுத் தூக்கிப் போடுகிற ஊசி அப்போது கிடையாது. தினமும் அவிக்க வேண்டும். துடைக்க வேண்டும். கடல் காற்றுக்குத் துருப் பிடிக்காமல் ஒவ்வொன்றுக்குள்ளும் மெல்லிய கம்பி சொருகி வைக்க வேண்டும். அதெல்லாம் என் வேலை.

பல் கழுவுவதற்கென்று தனி ஊசி வராது. உடம்பில் போடுகிற ஊசியைத்தான் டாக்டர் தன் மிஷினில் வைத்துத் தேய்த்து மாற்றிக்கொள்வார். அன்றைக்கு மிஷினின் கயிறு அறுந்துவிட்டது. வெளியே கூட்டம். டாக்டர் ஒரு டப்பா ஊசியையும் எண்ணெய்க் கல்லையும் என்னிடம் கொடுத்தார்.

“கன்னியம்மா, இதையெல்லாம் கல்லுல தேய்ச்சு முனையை எடுத்து வை.”

சரி என்றேன். எங்கள் குப்பத்தில் தலைக்கு வகிடு எடுப்பார்கள். தூண்டில் முள்ளுக்கு முனை எடுப்பார்கள். வகிடு எடு என்றால் இருக்கிற வகிட்டைப் பிடுங்கி எறிவதா? இல்லாத இடத்தில் உண்டாக்குவது. அப்பாவுடைய முள்ளுக்கெல்லாம் முனை எடுத்தவள் நான்தான். நகத்தில் வைத்தால் வழுக்காமல் நிற்க வேண்டும், அதுதான் கணக்கு.

ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தீட்டினேன். நுனிப் பக்கம் சுற்றிலும் தேய்த்து ஒல்லியாக்கினேன். அப்படி ஒரு முனையை எந்தக் கம்பெனிக்காரனும் எடுத்திருக்க மாட்டான்.

அண்ணனை ஐஸ் கட்டோடு ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டு டாக்டர் மேலே வந்தார். சிரிஞ்சிலிருந்த ஊசியைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இதை யாரு செஞ்சது?”

“நான்தான் சார். நல்லா வந்துகீதா?”

அவர் ஊசியை மறுபக்கம் திருப்பினார்.

“சுண்டு வெரல்ல வச்சிப் பாருங்க சார், வெண்ணையில பூர்ற மாரி பூந்துரும்.”

“கன்னியம்மா, நான் முனையை எடுன்னுதானே சொன்னேன்?”

“எடுத்துக்கீறேனே சார்.”

டாக்டர் நாற்காலியில், நோயாளி உட்காருகிற நாற்காலியில், உட்கார்ந்துவிட்டார். முனையை எடு என்றால் முனையே இல்லாமல் மொட்டையாக்கு என்று அர்த்தமாம். அவர் ஊரில் அப்படி. எங்கள் ஊரில் இப்படி. நடுவில் மாட்டினது அண்ணனுடைய உதடு.

அவர் தேய்த்து வைத்த ஊசிகள் மொட்டையாக இருந்ததைத் தேய்மானம் என்றே நான் நினைத்திருந்தேன். பிறகு எனக்கு விளக்கினார். கூர் இருந்தால் ஊசி வேரின் சுவரில் குத்தி மாட்டிக்கொள்ளும். ஒல்லியாக இருந்தால் ஆழத்தில் போய் இறுகிக்கொள்ளும். இறுகினால் தண்ணீர் வெளியே திரும்பி வர இடமில்லை. வேர் நுனியில் ஊசிக்கண் அளவுகூட இல்லாத ஒரு துவாரம் இருக்கிறது. தண்ணீர் அதன் வழியாகத் தாடைக்குள் போய்விடும். “அது வெறும் தண்ணியில்லை. அழுகினதைக் கரைக்கிற மருந்து. உயிருள்ள சதைக்குள்ள போனா அதையும் கரைக்கப் பார்க்கும்.”

எண்ணெய்க் கல்லை மேஜை மேல் வைத்தேன். “நான் நாளையிலருந்து வரல சார்.”

“நீ தேய்ச்சே. பார்க்காம எடுத்தவன் நான். தண்ணி திரும்பலைன்னு தெரிஞ்சும் அழுத்தினவன் நான். நீ வராம இருந்தா அவர் வீக்கம் வடியுமா? வா. வந்து எல்லாத்தையும் மொட்டையாக்கு.”

வடிவதற்கு ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்றார். இரண்டு நாளில் கொடியேற்றம். பத்தாம் நாள் தேர். இதில் இன்னொன்றும் இருந்தது. பல்லுக்குள்ளே பாதி அழுக்கு அப்படியே இருந்தது. அதை விட்டுவிட்டு மூடினால் தேர் அன்றைக்கே மறுபடியும் வீங்கும். ஒன்று, திரும்பவும் ஊசி விட்டுக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் பிடுங்க வேண்டும்.

அண்ணன் வராவிட்டால் என்ன செய்வது என்று பேண்டு செட்டில் பேச்சு கிளம்பிவிட்டது. வேறு கோயிலிலிருந்து ஒருவனைக் கூப்பிடுவார்களாம். வந்தவன் தேருக்கு வாசித்துவிட்டால் வாத்தியம் அவனோடு போய்விடும்.

அன்றைக்கே முடிவு செய்தேன். அந்தப் பல் போகக் கூடாது. என் கை கெடுத்தது, என் கைதான் சரி செய்ய வேண்டும்.

கணவாய் வெடித்தது

கொடியேற்றத்துக்கு மறுநாள் ராயபுரம் போனேன். கொடியேற்றத்துக்கு அண்ணன் வரவில்லை. கிளாரினெட் இல்லாமல் டிரம்பெட்டை வைத்துச் சமாளித்தார்களாம். தெருவே அதைப் பேசிக்கொண்டிருந்தது.

ஆரோக்கியம் அக்கா வாசல் குழாயில் கணவாய் கழுவிக்கொண்டிருந்தாள். நல்ல உயரம், பெரிய குரல். அவள் மெதுவாகப் பேசினால் பக்கத்து வீட்டில் உடம்பு சரியில்லையோ என்று கேட்பார்கள்.

“வாடி ஆஸ்பத்திரிக்காரி. கொன்னுட்டானா இல்லையான்னு பாத்துகினு வரச் சொன்னானா உங்க டாக்டரு?”

“அவரு சொல்லி வரலக்கா. அந்த ஊசியத் தீட்டனது நான்தான்.”

கழுவுகிற கை நின்றது. “இன்னாது?”

“முனைய எடுன்னாரு. நான் தூண்டி முள்ளுக்கு எடுக்கற மாரி எடுத்துட்டேன்.”

“ஏம்மே, எம் புருசன் இன்னா வஞ்சிர மீனா?”

உள்ளே கட்டிலிலிருந்து ஒரு சத்தம். அண்ணன் சிரித்துவிட்டார். சிரித்ததில் உதடு இழுத்து, “ஐயோ ஐயோ” என்றார்.

“நீ சிரிய்யா! மூஞ்சி பறங்கிக்கா மாரி கீது, சிரிப்பு வேற! ஆயிரம் வாட்டி சொன்னேன், புடுங்கிப் போட்டுட்டு வாய்யான்னு.”

“பல்லு பூட்சின்னா வாத்தியத்த எதுல தாங்கறது? உன் மண்டையிலயா?”

“கண்ணு பூட்சின்னா தேரு எங்க வருதுன்னு எத்தால பாப்ப? மேப்பல்லுல கை வச்சாலே கண்ணுக்கு ஆவாதுன்னு ஊரே சொல்லுது. இந்தக் கஸ்மாலம் டாக்டரு ஊசியால குத்தறான்!”

கோபத்தில் அவள் ஒரு கணவாயை எடுத்துக் குழாயில் மாட்டினாள். கணவாய் தெரியும் இல்லையா? தலையைப் பிடுங்கினால் உடம்பு ஒரு பை. மேலே வாய், கீழே கூராக வால். அந்த வாயைக் குழாயில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டாள். பை உப்பியது. இன்னும் உப்பியது. வால் பக்கம் பட்டென்று கிழிந்து, கறுப்பு மையும் தண்ணீருமாக அவள் மூஞ்சியில் அடித்தது.

“அதாங்க்கா! அதேதான் அண்ணன் பல்லுல நடந்தது!”

முகத்தைக் கூடத் துடைக்காமல் என்னைப் பார்த்தாள்.

“மேல இறுக்கிப் புட்சிட்ட. தண்ணி திரும்பி வர வழியில்ல. கீழ கிழிச்சிகினு பூட்சி. இப்ப லூசா புடி பாரு.” இன்னொரு கணவாயை எடுத்து, குழாய்க்கும் வாய்க்கும் நடுவில் இரண்டு விரல் இடம் விட்டுப் பிடித்தேன். தண்ணீர் உள்ளே போனது, அழுக்கை வாரிக்கொண்டு மேலேயே திரும்பி வழிந்தது. வால் அப்படியே இருந்தது.

“அப்போ உங்க டாக்டருக்குக் கணவா கயுவக் கூடத் தெரியாதா?” என்றாள். ஆனால் குரல் இறங்கியிருந்தது.

கீழே அடைத்தால்

அண்ணன் ஒரு கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். கிழிந்த கணவாயைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பட்டறைக்காரர் இல்லையா?

“லூசா புடிக்கறது சரி. ஆனா கை தவறி உள்ள எறங்கிட்சின்னா திரும்ப இறுகிக்கும். ஊசிக்கு வாயி கீழதானே கீது? தண்ணி நேரா கீழதான் அடிக்கும்.” உள்ளே மாதா படத்துப் பக்கம் பார்த்தார். “ஆரோக்கியம், வாத்தியத்த எட்தா.”

எடுத்து வந்தாள். அதன் அடிவாயில் ஒரு துணியை அடைத்தார். “ஊது.”

“நானா?”

“எனக்கு வாயி கீதா? ஊதுமே.”

அவள் ஊதினாள். துறைமுகத்தில் கப்பல் புறப்படுகிற மாதிரி ஒரு சத்தம். எதிர் வீட்டு நாய் எழுந்து ஓடிவிட்டது.

“பாத்தியா? கீழ அடைச்சிட்டேன். சத்தம் நின்னுட்சா? இல்ல. பக்கத்து ஓட்டையில வந்துகினு கீது. ஊசிக்கும் கீழ அடைச்சிட்டு, பக்கத்துல வாயி வச்சா?”

நான் சுருக்குப் பையில் காகிதத்தில் மடித்து அந்த ஊசியை எடுத்துப் போயிருந்தேன். அவரிடம் கொடுத்தேன். முதல் வேலையாக அவர் முனையை எடுத்தார், டாக்டர் ஊர் அர்த்தத்தில். வாத்தியத்தின் விரல் சாவி உடைந்தால் வெள்ளி வைத்து ஒட்டுவார். அதே வெள்ளியில் ஒரு பொட்டு வைத்து ஊசியின் வாயை மூடினார். கடுகு மாதிரி உருண்டையாகத் தேய்த்தார். அதற்குக் கொஞ்சம் மேலே, பக்கவாட்டில், மெல்லிய அரத்தால் ஒரு கீறல் வாய் திறந்தார். மூன்று ஊசி பாழானது. டப்பாவிலிருந்து வேறு ஊசி எடுத்துக்கொண்டு நான் மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். நாலாவது ஊசியில் தண்ணீர் பக்கவாட்டில் நூல் மாதிரி வந்தது.

ஆரோக்கியம் அக்கா விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே திட்டிக்கொண்டிருந்தாள். “உன் பல்லுக்கு நீயே ஊசி செய்யற. உன் சாவுப் பொட்டிய நீயே செஞ்சிக்கிற மாரி கீது.”

சிவப்பு மையும் மஞ்சள் கஞ்சியும்

டாக்டர் அதையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். “இதை யாரு செஞ்சது?” என்று அதே கேள்வி. இந்தத் தடவை நான் ‘நல்லா வந்துகீதா’ என்று கேட்கவில்லை. சொன்னேன்.

“இந்த மாதிரி உலகத்துல எங்கேயாவது யாராவது செஞ்சிருப்பாங்க. நான் பார்த்ததில்லை. பார்க்காததை ஒரு மனுஷன் வாயில விட மாட்டேன்.” என்றவர் பிடுங்கின பற்கள் கிடக்கிற புட்டியைக் கொண்டுவரச் சொன்னார்.

அந்தப் பற்களில் ஓட்டை போட்டு, வெள்ளைப் பஞ்சில் நிறுத்தி, சிவப்பு மையைப் பீய்ச்சினார். என் கூர் ஊசி இறுகியது, மை வேர் நுனி வழியாகப் பஞ்சில் கொட்டியது. மொட்டை ஊசி தளர்வாக இருந்தால் நல்லபடி, இறுகினால் அதுவும் கொட்டியது. அண்ணன் செய்த ஊசியில் மை மேலே திரும்பி வந்தது. பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. நான் கை தட்டிவிட்டேன்.

“அவசரப்படாதே. கீழே போகலை, சரி. கழுவுதா?”

அதைப் பார்ப்பதற்கு வழி நான் சொன்னேன். கண்ணுக்கு மருந்து விடுகிற கண்ணாடிக் குழல் ஒன்று இருந்தது, நுனியில் ஒடுங்கினது. நுனியை மெழுகால் அடைத்து, உள்ளே மஞ்சள் கலந்த கஞ்சியைப் பூசிக் காயவைத்தேன். பல்லுக்குள் பார்க்க முடியாது, கண்ணாடிக்குள் பார்க்கலாம் இல்லையா?

பார்த்தால், குறை அதில்தான் இருந்தது. வாய் திறந்த பக்கம் மஞ்சள் போய்ப் பளபளத்தது. எதிர்ப் பக்கம் அப்படியே நின்றது. வாய்க்குக் கீழே கொஞ்ச தூரம்தான் தண்ணீர் எட்டியது. அதற்கும் கீழே ஒரு காற்றுக் குமிழி உட்கார்ந்துகொண்டு, தண்ணீரை உள்ளே விடவே இல்லை. எத்தனை வேகமாக அமுக்கினாலும் குமிழி நகரவில்லை.

எனக்கு அழுகை வந்தது. டாக்டருக்கு உற்சாகம் வந்தது.

ஊசியை விரலால் மெல்லச் சுழற்றினார். எதிர்ப் பக்கத்து மஞ்சளும் போனது. மேலும் கீழுமாக ஆட்டினார். குமிழி கலைந்து மேலே ஓடியது. மெதுவாக, திரும்பத் திரும்பப் புதுத் தண்ணீர் விட்டார். ஒரே மூச்சில் பீய்ச்சியதைவிட அது நன்றாகக் கழுவியது.

“ஊசியோட வாய் எங்கே இருக்கோ, அதுக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும்தான் சுத்தம். அதனால ஆழமாவும் போகணும், இறுகவும் கூடாது.” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு ஊசியின் மேல் அளவு பார்த்து ஒரு சின்ன ரப்பர் துண்டைக் கோத்தார். அதற்கு மேல் உள்ளே போகக் கூடாது என்று அடையாளம்.

இரண்டு நாள் நானும் அவரும் கண்ணாடிக் குழலோடு இருந்தோம். மஞ்சள் கஞ்சி தீர்ந்து போய் மறுபடியும் காய்ச்சினேன்.

“திரும்பி வந்துட்சா?”

தேருக்கு மூன்று நாள் முன்னால் அண்ணன் வந்தார். கண் திறந்திருந்தது. உதட்டுக்கு மேலே மஞ்சளும் பச்சையுமாகக் கன்றிப் போயிருந்தது. கூடவே ஆரோக்கியம் அக்கா. நாற்காலிக்கும் டாக்டருக்கும் நடுவில் போய் நின்றாள்.

“மொதல்ல என் வெரல்ல.”

டாக்டர் ஊசியை அவளிடமே கொடுத்தார். கட்டைவிரல் நகத்துக்கு அடியில் விட்டுப் பார்த்தாள். அழுத்தினாள். குத்தவில்லை. உள்ளங்கையில் தேய்த்தாள். கன்னத்தில் தேய்த்தாள்.

“சரி. ஆனா நான் இங்கதான் நிப்பேன். தண்ணி போவட்டும், திரும்பி வர்றத நான் பாக்கணும். வரலன்னா கைய எட்த்துடணும். இன்னா டாக்டரே?”

“அப்படியே, அம்மா.”

நான் கிண்ணத்தை உதட்டுக்கு அடியில் பிடித்தேன். டாக்டர் ஊசியை விட்டார். ரப்பர் துண்டு பல்லைத் தொட்டது. கொஞ்சம் வெளியே இழுத்துக்கொண்டார். விரல் நுனியால் அமுக்கினார்.

“திரும்பி வந்துட்சா?”

“வந்துட்சிக்கா.” காப்பித் தூள் நிறத்தில் வந்தது.

மறுபடியும் அமுக்கினார்.

“வந்துட்சா?”

“வந்துட்சி.” கலங்கலாக வந்தது.

அடுத்தது. கிண்ணத்தில் எதுவும் விழவில்லை.

“வரல!” என்று நானும் அவளும் ஒரே நேரத்தில் கத்தினோம். டாக்டர் கை அதற்கு முன்னாலேயே நின்றிருந்தது. அண்ணன் கண்ணை இறுக மூடினார். டாக்டர் ஊசியை ஒரு நூல் வெளியே இழுத்தார், பாதி சுற்று சுழற்றினார், காத்திருந்தார். பல்லின் வாயில் ஒரு துளி எட்டிப் பார்த்தது. பிறகு வழிந்தது.

“வந்துட்சி,” என்றாள் ஆரோக்கியம் அக்கா. அந்த ஒரு தடவைதான் அவள் மெதுவாகப் பேசி நான் கேட்டேன்.

எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. எனக்குக் கை மரத்துவிட்டது. கடைசியில் வந்த தண்ணீர், போன தண்ணீர் மாதிரியே இருந்தது. டாக்டர் பஞ்சு நுனியை விட்டு எடுத்து முகர்ந்து பார்த்து என்னிடம் நீட்டினார். நாற்றம் இல்லை. அன்றைக்கு மருந்து வைத்துத் தற்காலிகமாக மூடினார். திருவிழா முடிந்த பிறகு நிரந்தரமாக அடைத்தார்.

நாற்காலியை விட்டு எழுந்ததும் அண்ணன் செய்த முதல் வேலை, சுட்டுவிரலை மேல் பல்லில் வைத்து அழுத்திப் பார்த்தது. வலிக்கவில்லை. எங்களைப் பார்த்தார். அவ்வளவுதான்.

தேர்

தேர் அன்றைக்கு மாலையில் நான் கூட்டத்தில் முண்டிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். வேறு கோயிலிலிருந்து கூப்பிடுவதாக இருந்த ஆள் வந்தே விட்டான். வெள்ளைச் சட்டையோடு ஓரமாக நின்றான், அண்ணன் தவறினால் வாங்கிக்கொள்ளலாம் என்று.

எல்லாரும் தேரைப் பார்த்தார்கள். நான் அண்ணனுடைய உதட்டைப் பார்த்தேன். வாத்தியத்தைப் பல்லில் வைத்தார். முதல் ஊதலில் காற்றுதான் வந்தது. வெள்ளைச் சட்டைக்காரன் ஒரு அடி முன்னால் வந்தான். ஆரோக்கியம் அக்கா அவனைப் பார்த்த பார்வையில் அவன் இரண்டு அடி பின்னால் போனான். அண்ணன் உதட்டை நக்கிக்கொண்டு மறுபடியும் வைத்தார்.

வந்தது. கீற்றாக வந்து, பிடித்துக்கொண்டு, நிமிர்ந்தது. தேர் நகர்ந்தது. கல்மண்டபம் முனை வரைக்கும் நான் கூடவே நடந்தேன். செருப்பு எங்கே போனதென்று இன்றைக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு அண்ணன் ரொம்ப வருஷம் வாசித்தார். ஒவ்வொன்றாகப் பல் போனது. அந்த ஒன்று போகவில்லை. அவரைப் பெட்டியில் வைத்த அன்றைக்கு ஆரோக்கியம் அக்கா என்னைக் கிட்டே கூப்பிட்டு, அவர் மேலுதட்டைக் கட்டைவிரலால் லேசாகத் தூக்கிக் காட்டினாள். “பாத்துக்கோ. உன்து அங்கயேதான் கீது.”

அந்தப் பக்கவாய் ஊசியை டாக்டர் ஆஸ்பத்திரியை மூடுகிற வரைக்கும் வைத்திருந்தார். வேறு ஆயா வந்தால் முதலில் என்னிடம் அனுப்புவார். நான் அவளிடம், ‘முனைய எடுன்னா இன்னா அர்த்தம் சொல்லு’ என்று…

“டீச்சர்! கொயா சத்தம் கேக்குதா? வந்துட்சி, வந்துட்சி! நோட்ட மூடு. அந்தச் சட்டிய எட்துகினு வா. இந்தா, நீயும் ரெண்டு கயுவு… ஐய, அப்டி இறுக்கிப் புடிக்காதமே! லூசா புடி. அது திரும்பி வர வழி உடு.”